ஆன் ஆகாத டிஜே செட்: பழுது எங்கே உட்கார்ந்திருக்கிறது?

ஒலி ஒளித் தொழிலில் ஒரு கருவியைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளில் உரிமையாளரை அதிகம் கலங்கவைப்பது ‘செட் டெட்’ என்பதுதான். ஃபேடர் கரகரக்கிறது, ஒரு பக்கம் சத்தம் வரவில்லை, ஜாக் வீலைத் தொட்டால் பாட்டு தாவுகிறது என்றால் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பவர், சுவிட்சைப் போட்டும் ஒரு விளக்குகூட எரியவில்லை என்றதும் கருவிக்குத் தலைமுழுகத் தயாராகிவிடுகிறார். பழுது பார்ப்பவர்களிலும் பலர் அந்தக் கலக்கத்தைப் போக்குவதில்லை. ‘போர்டு போயிருக்கும், மாற்றினால்தான் உண்டு’ என்று ஒரு தொகையைச் சொல்கிறார்கள். அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதிதே வாங்கிவிடலாமே என்று உரிமையாளரும் கணக்குப் போடுகிறார். இந்தக் கணக்கின் அடிப்படையே பிசகு என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அடியோடு ஆன் ஆகாத கருவிதான் பெரும்பாலும் எளிதில் பிழைக்கக்கூடியது. அவ்வப்போது மட்டும் தகராறு செய்யும் மிக்சரைவிட, இதில் பழுதைத் தேடவேண்டிய இடம் மிகக் குறுகியது. அங்கே இருக்கும் பாகங்கள் மலிவானவை. எந்தக் கம்பெனியின் தனிச்சொத்தும் அல்ல.

காரணம், இக்கருவிகளின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒலிப் பாதை, டிஜிட்டல் செயலி, திரை, விசைகள் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். மின்சாரம் நுழையும் பாதை அப்படி மாறுவதில்லை. சுவரிலிருந்து 230 வோல்ட் ஏசியை வாங்கி, உள்ளே இருக்கும் போர்டுகளுக்கு வேண்டிய 3.3, 5, 12, 15 வோல்ட் டிசியாக இறக்கிக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. அதைச் செய்ய நடைமுறையில் மூன்றே வழிகள்தான். முதலாவது, கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். 1972-இல் வந்து, 1979-இல் எம்கே2 என்ற வடிவில் உலகம் முழுக்க டிஜேக்களின் மேசையைப் பிடித்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் இந்த வகை. இரண்டாவது, எஸ்எம்பிஎஸ் எனப்படும் சுவிட்சிங் சப்ளை. இன்றைய பிளேயர், மிக்சர், பவர்ட் ஸ்பீக்கர் பெரும்பாலும் இதில்தான் ஓடுகின்றன. மூன்றாவது, கருவிக்குள் எதையும் வைக்காமல் வெளி அடாப்டரையோ லேப்டாப்பின் யுஎஸ்பியையோ நம்புவது. 2018-இல் வந்த பயனியர் டிடிஜே-400 போன்ற கன்ட்ரோலர்கள் யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடுபவை. இந்த மூன்றையும் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவருக்குக் கருவியின் முகப்பில் எந்தப் பெயர் அச்சடித்திருக்கிறது என்பது பெரிய விஷயமே அல்ல.

‘பவர் வரவில்லை’ என்று வருபவை எல்லாம் ஒரே குறையும் அல்ல. ஒரு விளக்கும் எரியாமல் சிறு சத்தம்கூட இல்லாமல் கிடப்பது ஒன்று. விளக்கு ஒரு நொடி மினுக்கி அணைந்து மறுபடி மினுக்குவது, உள்ளிருந்து ‘டிக்... டிக்...’ என்று மெல்லக் கேட்பது இன்னொன்று. விளக்கெல்லாம் எரிந்தும் திரை கம்பெனி முத்திரையோடு நின்றுவிடுவது மூன்றாவது. முதல் வகையில் மின்சாரம் வாசலிலேயே தடைபட்டிருக்கிறது. இரண்டாவதில் சப்ளை உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் தன் வெளியீட்டில் எங்கோ ஷார்ட் இருப்பதை உணர்ந்து, தொடங்கி நின்று தொடங்கி நிற்கிறது. மூன்றாவது மின்சாரக் குறையே அல்ல. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது கரன்ட் போனதாலோ, நினைவகம் கெட்டதாலோ வருவது. மூன்றையும் ‘டெட்’ என்ற ஒரே பெயரில் வாங்கி, ஒரே தொகையைச் சொல்வதுதான் இத்தொழிலின் முதல் சறுக்கல். என் வாதம் முதல் வகைக்கு முழுதாகவும், இரண்டாவதற்குப் பெரும்பகுதியும் பொருந்தும். மூன்றாவதற்குப் பொருந்தாது.

முதல் வகையில் தேடலை வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோக வேண்டும். சொல்வதற்கு எளிதான இதுதான் கடைப்பிடிப்பில் முதலில் கைவிடப்படுகிறது. கம்ப்யூட்டர் பவர் கார்டு என்று நாம் சொல்லும் மூன்று ஓட்டைக் கார்டு, பிளக்கின் கழுத்துப் பகுதியில் உள்ளுக்குள் அறுந்திருப்பது சகஜம். வெளியே பார்த்தால் தெரியாது. அடாப்டர் விஷயத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. மல்டிமீட்டரை அடாப்டரின் முனையில் வைத்தால் 12 வோல்ட் காட்டும், உடனே ‘அடாப்டர் நல்லா இருக்கு, செட்தான் போச்சு’ என்று தீர்ப்பாகிவிடும். மீட்டர் அந்த அடாப்டரிடமிருந்து ஏறக்குறைய எந்தக் கரன்ட்டையும் கேட்பதில்லை. உள்ளே கெபாசிட்டர் காய்ந்துபோன அடாப்டர், சும்மா இருக்கும்போது 12 வோல்ட்டையும் காட்டிவிட்டு, கருவி ஒன்றரை ஆம்பியர் கேட்டதும் 4, 5 வோல்ட்டுக்கு விழுந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மோட்டார் சைக்கிள் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அடாப்டரின் இரு முனைகளில் இணைத்தால், அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். 2 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் அடாப்டர் அந்தப் பல்பைப் பளிச்சென்று எரித்துக்கொண்டே மீட்டரில் 12 வோல்ட்டைக் காட்டினால் நல்லது; பல்பு மங்கி மீட்டர் சரிந்தால் குற்றவாளி அங்கேயே சிக்கிவிட்டான். அடாப்டர் முனையின் அளவும் ஏமாற்றும். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டராகவே இருக்க, உள் விட்டம் 2.1, 2.5 என இரண்டு வகை உண்டு. மாற்றிச் செருகினால் உள்ளே போவதுபோல் போகும், ஆனால் பிடிமானம் இருக்காது. அல்லது நுழையவே நுழையாது. துருவமும் மாறும். கிட்டார் பெடல்களுக்கான அடாப்டர் வழக்கமாக நடுமுனையை நெகட்டிவாகக் கொண்டது, டிஜே கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் நடுமுனையைப் பாசிட்டிவாகக் கேட்பவை. ஒரே மேடையில் இசைக்குழுவும் டிஜேயும் இருக்கும் கல்யாண ரிசப்ஷனில் இரண்டும் கைமாறிப்போவது நடக்கக்கூடியதுதான். நல்ல வடிவமைப்பில் வாசலிலேயே ஒரு டயோடு நின்று, தான் ஷார்ட்டாகிப் பின்னால் இருப்பதைக் காப்பாற்றிவிடும். அந்த டயோடையும் அருகிலுள்ள சிறு ஃபியூஸையும் மாற்றினால் கருவி எழுந்துவிடும்.

யுஎஸ்பி கன்ட்ரோலர்களில் இதே கதை வேறு வேஷத்தில் வரும். யுஎஸ்பி 2.0 வாசல் 500 மில்லி ஆம்பியர்தான் தரவேண்டும், 3.0 வாசல் 900. மின்சாரம் இல்லாத ஹப்பில் கன்ட்ரோலரோடு பென் டிரைவையும் செருகினால் பங்கு போதாது. போனுக்கு வந்த சில கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது. இவை எல்லாம் கழிந்த பிறகுதான் திருப்புளியை எடுக்க வேண்டும்.

உள்ளே போனதும் முதலில் பேசவைக்க வேண்டியது ஃபியூஸை. ஃபியூஸ் போயிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது பாதி வேலை. எப்படிப் போயிருக்கிறது என்று பார்ப்பதே மீதி. கண்ணாடிக்குள் கம்பி நடுவில் மெல்ல உருகி அறுந்து, கண்ணாடி தெளிவாக இருந்தால், வயதாலோ சிறிது கூடுதல் கரன்ட்டாலோ போயிருக்கிறது. கண்ணாடி முழுக்கக் கறுத்து, வெள்ளிபோல் படலம் பூசியிருந்தால், பின்னால் ஏதோ ஒன்று முழு ஷார்ட் ஆகியிருக்கிறது: பிரிட்ஜ் டயோடு, சுவிட்சிங் மாஸ்ஃபெட், அல்லது வேரிஸ்டர். அதைப் பார்க்காமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் அதே நொடியில் வெடிக்கும். அதைவிட மோசமானது, பழைய ஃபியூஸின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம். பத்து ரூபாய்ப் பாகம் செய்ய வேண்டிய தியாகத்தை அது சர்க்யூட் போர்டின் தலையில் கட்டுகிறது. இதற்கான பழைய கைமருந்து சீரிஸ் பல்பு. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைக் கருவியோடு தொடராக இணைத்து மின்சாரம் கொடுத்தால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருக்கும், கருவிக்குச் சேதம் அதிகமாகாது. ஷார்ட் இல்லையென்றால், உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டர் நிறையும் கணத்தில் ஒரு மின்னல் மின்னி மங்கிவிடும். குண்டு பல்பு கடைகளில் அருகிவரும் இக்காலத்தில், பழுது பார்ப்பவர்கள் இரண்டு மூன்றை வாங்கிப் பத்திரப்படுத்துவது நல்லது.

வேரிஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்த் திருவிழா மேடைகளில் கூட்டமாகச் செத்துப்போகும் கருவிகளின் கதையே அதில்தான் இருக்கிறது. ஜெனரேட்டரிலிருந்தோ மின்வாரிய இணைப்பிலிருந்தோ மூன்று ஃபேஸ் எடுத்து, சீரியல் செட்டுக்கு ஒன்று, ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று, டிஜே மேசைக்கு ஒன்று என்று பிரிப்பார்கள். மூன்றுக்கும் பொது நியூட்ரல் கம்பி தளர்ந்து விட்டுப்போனால், லோடு குறைவாக இருக்கும் ஃபேஸில் 230-க்குப் பதிலாக, இரு ஃபேஸ்களுக்கு இடையிலான 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்கு மின்னழுத்தம் ஏறும். டிஜே மேசை அதிகம் இழுக்காதது; எனவே அடி விழுவது பெரும்பாலும் அங்கேதான். அப்போது, வழக்கமாக 275 வோல்ட் ஏசி வரை தாங்கும் வேரிஸ்டர் என்ற நீலத் தட்டு தன்னையே ஷார்ட் ஆக்கிக்கொண்டு ஃபியூஸை ஊதிவிடுகிறது. ஒரே இரவில் மிக்சர், இரண்டு பிளேயர், லைட் கன்ட்ரோலர் எல்லாம் ‘டெட்’. உரிமையாளருக்கு இது பேரிழப்பாகத் தெரியும். மூடியைத் திறந்தால் வெடித்துக் கருகிய ஒரு வேரிஸ்டர், கறுத்த ஒரு ஃபியூஸ், அதற்குப் பின்னால் தீண்டப்படாத சப்ளை என்ற காட்சிக்கு நல்ல வாய்ப்பு உண்டு. காட்சி கோரமாக இருப்பதே பாதுகாப்பு வேலை செய்ததற்கு அடையாளம். வேரிஸ்டர் இல்லாத மலிவுக் கருவியில் இதே விபத்து பெரிய கெபாசிட்டரையும் மாஸ்ஃபெட்டையும் கொண்டுபோய்விடும். அப்போதும் செத்திருப்பது சப்ளைதான்.

ஃபியூஸ் நன்றாக இருந்தும் ஆன் ஆகாத எஸ்எம்பிஎஸ்தான் இந்த ஆய்வில் மிகச் சுவையானது. ‘நேற்று ராத்திரி விழா முடியும்வரை நன்றாக ஓடியது, இன்று காலை போட்டால் வரவில்லை, யாரும் தொடவே இல்லை’ என்ற முறையீட்டைப் பலர் நம்புவதில்லை. அது பெரும்பாலும் உண்மை. 230 வோல்ட் ஏசியைப் பிரிட்ஜ் டயோடு திருத்தியதும் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். அதிலிருந்து லட்சக்கணக்கான ஓம் அளவுள்ள ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சொட்டுச் சொட்டாக வரும் கரன்ட், 22 அல்லது 47 மைக்ரோ ஃபாரட் அளவுள்ள ஒரு சிறு கெபாசிட்டரை நிரப்பும். அது நிரம்பியதும் கன்ட்ரோல் ஐசி விழித்துக்கொண்டு ஓடத் தொடங்கும். ஓடத் தொடங்கியபின் அதற்கான மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரின் தனிச் சுற்றிலிருந்து வந்துவிடும். அந்தச் சிறு கெபாசிட்டர் காய்ந்து கொள்ளளவு குறைந்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் கருவி அதைப் பொருட்படுத்தாமல் ஓடும். நிறுத்தியபின் மறுபடி எழுப்பும் அளவுக்கு மட்டும் அதில் சக்தி சேராது. ரெசிஸ்டரே மதிப்பு ஏறி அறுந்துபோனாலும் இதே விளைவு. ஆகவே கருவி மேடையில் அல்ல, அடுத்த நாள் சுவிட்சில் சாகிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த இரண்டு பாகங்களுக்காகப் பல ஆயிரம் மதிப்புள்ள மிக்சர்கள் மூலையில் போடப்படுவது எவ்வளவு அபத்தம்!

இந்தக் கெபாசிட்டர்கள் ஏன் காய்கின்றன என்பதற்கும் தெளிவான கணக்கு உண்டு. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் உறையிலேயே 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். எத்தனை மணி நேரம் என்பது தயாரிப்பாளரின் விவரத்தாளில் இருக்கும். 105 டிகிரி செல்சியஸில் 2,000 மணி நேரம் என்றால், வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம். அதே இடத்தில் 85 டிகிரிக்கு மதிப்பிட்ட பாகம் வெறும் 8,000 மணி நேரம்தான். சித்திரை வெயிலில், காற்றோட்டம் இல்லாத ஃபிளைட் கேஸுக்குள், சூடாகும் ரெசிஸ்டரையோ ஹீட் சிங்கையோ ஒட்டி வைத்த கெபாசிட்டர் முதலில் போவதில் வியப்பில்லை. மேலே உப்பிய கெபாசிட்டரைத் தேடி, இல்லை என்றதும் ‘கெபாசிட்டர் எல்லாம் நல்லாயிருக்கு’ என்பது அவசரம். சிறிய கெபாசிட்டர்கள் உப்பாமலேயே காயும். கழற்றி, கொள்ளளவையும் உள்தடையையும் அளந்தால்தான் தெரியும். வெயிலோடு அதிர்வும் சேர்கிறது. டெம்போவில் குலுங்கி, சப்வூஃபர் மேலேயே வைக்கப்பட்டு ஆடிய கருவியில், பவர் சாக்கெட், டிரான்ஸ்ஃபார்மர் போன்ற கனமான பாகங்களின் காலைச் சுற்றி ஈயம் மெல்லிய வளையமாக வெடித்திருக்கும். லென்ஸ் வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் புலப்படும்; மறுபடி ஈயம் வைத்தால் முடிந்தது.

டிரான்ஸ்ஃபார்மர் வகையில் சொல்ல அதிகமில்லை. முதன்மைச் சுற்றில் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். நம் சூழலில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஜப்பானிலிருந்து பழையதாக வரும் டர்ன்டேபிள்கள் அந்நாட்டின் 100 வோல்ட்டுக்கானவை. பின்புற எழுத்தைப் படிக்காமல் 230-இல் செருகினால் முதல் நாளே முடிந்துவிடும். ஃபியூஸ் முந்திக்கொண்டால் டிரான்ஸ்ஃபார்மர் தப்பும். இல்லையென்றால் அளவுக்கேற்ற வேறொன்றைச் சுற்றித்தான் போட வேண்டும்.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு; அவற்றில் வலுவானது உயிர் ஆபத்து. 325 வோல்ட் டிசி தேங்கிய கெபாசிட்டர், பிளக்கைக் கழற்றிய பின்னும் சில நேரம் அதைப் பிடித்துவைத்திருக்கும். திருப்புளியால் இரு முனையையும் தொட்டு ‘பட்’ என்று வெடிக்கவைப்பதைச் சாமர்த்தியமாக நினைப்பவர்கள் உண்டு. அது பாகத்தையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். பல்பு வழியாக வடித்து, மீட்டரில் அளந்து உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். மறுப்பின் இன்னொரு பாதி, பழுது பார்த்தபின் பயன்படுத்துபவரைப் பற்றியது. மின் நுழைவுப் பகுதியில் உள்ள நீல நிற ஒய் வகைக் கெபாசிட்டரின் இடத்தில் சாதாரணக் கெபாசிட்டரைப் போட்டால் கருவி ஓடும். ஒருநாள் அது ஷார்ட் ஆனால் உலோக முகப்பைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். ஆகவே அதே பாதுகாப்பு வகைப் பாகம், அறுக்கப்படாத எர்த் முனை, முடித்தபின் 500 வோல்ட் மெக்கரில் இன்சுலேஷன் சோதனை என்ற மூன்றும் இல்லாமல் கருவியைத் திருப்பித் தரக்கூடாது. இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது யார் செய்ய வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது, செய்ய வேண்டுமா என்பதை அல்ல. வீட்டில் ஆர்வத்துக்காகத் திறப்பவர் கார்டு, அடாப்டர், யுஎஸ்பி வரை பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளட்டும்.

அடுத்த மறுப்பு பொருளாதாரம்: பாகத்தைத் தேடும் நேரத்தில் போர்டையே மாற்றிவிடலாமே. அடாப்டர் விஷயத்தில் இது சரி. ஒட்டி மூடப்பட்ட மலிவு அடாப்டரை உடைத்துப் பழுது பார்ப்பது வீண் வேலை, வாங்கிவிட வேண்டும். உள் சப்ளைக்கும் அதே வோல்ட், ஆம்பியர், தனிப்படுத்தல் கொண்ட பொது எஸ்எம்பிஎஸ் பொருந்துமானால் போடலாம். ஆனால் பிரதான போர்டையே மாற்றச் சொல்வதற்கு முன், பழுது அங்கேதான் இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு சொல்பவருக்கு உண்டு. சப்ளையின் இணைப்பைப் பிரதான போர்டிலிருந்து கழற்றி, தகுந்த லோடு கொடுத்துத் தனியாக அளந்தால் இரண்டில் எது என்று பிரிந்துவிடும். ‘டிக் டிக்’ வகையில் போர்டில் ஷார்ட் என்று தெரிந்தாலும் அது கடைசித் தீர்ப்பல்ல. கரன்ட்டைக் கட்டுப்படுத்தி ஒரு வோல்ட் அளவு ஊட்டி, போர்டின் மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பூசினால், ஷார்ட்டான பாகத்தின் மேல் மட்டும் முதலில் உலர்ந்து ஒரு சிறு வட்டம் தெரியும். பல நேரம் அது எள்ளளவு உள்ள ஒரு செராமிக் கெபாசிட்டர். செயலியே அந்த வட்டத்துக்குள் இருந்தால் மட்டும் எதிர்த்தரப்பு வென்றது.

பழுது பார்த்த செட்டை நம்பி ஆயிரம் பேர் முன்னால் எப்படி நிற்பது என்பது தொழில் செய்பவரின் நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சோதனை முறையில் இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் கருவி ஆன் ஆனதும் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். மேலே சொன்ன தொடக்கக் கெபாசிட்டர் இந்தச் சோதனையில் மாட்டவே மாட்டாது. சூடாக இருக்கும்போது நிறுத்தி உடனே போட்டால் பலவீனமானதும் எழுந்துவிடும். சில மணி நேரம் ஓடவிட்டு, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் முழுக் குளிரில் போட்டுப் பார்க்க வேண்டும். மின்னழுத்தத்தை 180 வோல்ட் வரை இறக்கி, அப்போதும் எழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதில் தேறிய, கெபாசிட்டர்கள் மாற்றப்பட்ட பத்தாண்டுப் பழைய மிக்சர், இதுவரை திறக்கப்படாத அதே வயது மிக்சரைவிட நம்பத்தக்கது.

கடைசியாகத் தகவல் பிரச்சினை. கம்பெனி சர்க்யூட் படம் தராமல் எப்படிப் பழுது பார்ப்பது என்கிறார்கள். நுழைவுப் பகுதிக்கு இது பெரிய தடை அல்ல. கன்ட்ரோல் ஐசியின் எண் அதன் முதுகிலேயே இருக்கிறது, அதன் விவரத்தாளைத் தயாரிப்பாளரே வெளியிட்டிருக்கிறார், அதில் தரப்பட்டிருக்கும் மாதிரிச் சர்க்யூட்டைத்தான் பெரும்பாலான சப்ளைகள் சிறு மாற்றங்களோடு பின்பற்றுகின்றன. பிரதான போர்டுக்கும் மென்பொருளுக்கும்தான் சட்டம் தேவைப்படுகிறது. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டு மின்னணுக் கருவிகளுக்கு, கடைசியாகத் தயாரித்த நாளிலிருந்து 7 ஆண்டுகள் பாகமும் பழுது விவரமும் தரவேண்டும் என்கிறது. இந்தியாவில் 2022-இல் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளம், வாகனம், வேளாண் கருவி, மொபைலும் மின்னணுவும், வீட்டு உபயோகப் பொருள் என்ற நான்கு துறைகளில் கம்பெனிகள் தாமாக முன்வந்து தரும் தகவலைத் திரட்டுகிறது. மேடை ஒலிக் கருவிகளுக்கென்று அதில் தனி இடம் இல்லை. அதனால் இன்று ஒரு பிளேயரின் பிரதான போர்டு உண்மையிலேயே போய்விட்டால், அதே மாடலில் உடைக்க வந்த இன்னொன்றைத் தேடித்தான் அலைய வேண்டியிருக்கிறது. அந்த இன்னொன்று உடைக்க வந்ததே, அதன் சப்ளையை யாரும் அளந்து பார்க்காமல் ‘டெட்’ என்று தள்ளியதால்தான் என்பதும் அரிதல்ல.